பணக்காரப் பெண்ணின் உடையைச் சரியாகப் படிப்பது எப்படி

ஒரு பெண் விலை உயர்ந்த கைப்பையோடு உள்ளே நுழைகிறார். அவர் நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் அங்கே இருக்கும் பாதிப் பேர் அவரைப் பற்றி முடிவு செய்துவிடுகிறார்கள். "பணத்திமிர்", "புதுப்பணம்", "புருஷன் காசு", "டூப்ளிகேட்டா இருக்கும்" என்று இந்த நாலில் ஒன்று விழும். அதே பெண் மறுநாள் சாயம் போன சட்டையில் வந்தால் அதற்கும் ஒரு பேச்சு தயாராக இருக்கும்: இவ்வளவு வைத்துக்கொண்டு ஏன் இந்தக் கஞ்சத்தனம்?

நான் 22 வருடமாக ஆல்டரேஷன் தையல் செய்கிறேன். வசதியான பெண்களின் உடைகளை உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டுப் பிரித்துத் தைக்கிற வேலை. ஒரு துணியை வெளியிலிருந்து பார்த்து மற்றவர்கள் போடும் கணக்கும், உள்ளே பிரித்தபின் எனக்குத் தெரிய வருவதும் எத்தனையோ முறை ஒத்துப்போகவில்லை. நானும் தப்பாகக் கணக்குப் போட்டிருக்கிறேன், அதைப் பின்னால் சொல்கிறேன். ஒருவர் அணிந்திருப்பதை எப்படிப் பார்ப்பது, அதிலிருந்து எதை முடிவு செய்யலாம், எதை முடிவு செய்யவே கூடாது என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் தோன்றுவதை வார்த்தையாக்குங்கள்

"உடையைப் பார்த்து எடைபோடாதே" என்று சொல்வது சுலபம், செய்வது நடக்காத காரியம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019 கடைசியில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே முகத்தைக் கொஞ்சம் வசதியானவர் போலத் தெரியும் மேலுடையிலும், கொஞ்சம் வசதி குறைந்தவர் போலத் தெரியும் மேலுடையிலும் காட்டி, இவர் எவ்வளவு திறமைசாலி என்று கேட்டார்கள். வசதியான உடையில் தெரிந்த முகத்துக்குத்தான் அதிக மதிப்பெண். படத்தை 129 மில்லிநொடி மட்டும் காட்டியபோதும் அதே முடிவு, அதாவது ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் குறைவு. உடையைக் கவனிக்காதீர்கள் என்று சொல்லிப் பார்த்தார்கள், அந்த ஆளின் வேலையையும் வருமானத்தையும் சொல்லிப் பார்த்தார்கள், சரியாகச் சொன்னால் பணம் தருகிறோம் என்றுகூடச் சொன்னார்கள். அப்போதும் அந்தச் சாய்வு போகவில்லை.

அதனால் எண்ணம் வராமல் தடுக்க நினைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். வந்த எண்ணத்தை மனதுக்குள் ஒரு முழு வாக்கியமாகச் சொல்லுங்கள். "இவள் பகட்டுக்காரி." சரி, எதை வைத்து? "பையில் பெரிதாக எழுத்து இருக்கிறது." அப்புறம்? பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். மனதுக்குள் புகைமாதிரி இருக்கும்வரை பெரிய ஞானம்போலத் தெரிகிற ஒன்று, வாக்கியமாக வந்தவுடன் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

எழுத்தும் சின்னமும்

லூயி விட்டான் என்ற பிரெஞ்சு ஆடம்பர நிறுவனத்தின் பைகளில் வரும் அந்த எழுத்தும் பூவும் கலந்த அச்சு 1896இல் வந்தது. அதற்கு முக்கியமான காரணமே போலி. வேறு ஆட்கள் அவர்களுடைய பெட்டிகளைப் பார்த்து அப்படியே செய்துகொண்டிருந்தார்கள், அதைத் தடுக்கத்தான் தன் தந்தையின் பெயரெழுத்துகளைத் துணி முழுக்கப் பரப்பினார் ஜார்ஜ் விட்டான். இன்றைக்கு உலகத்தில் மிக அதிகமாகப் போலி செய்யப்படும் அச்சுகளில் அதுவும் ஒன்று.

பெரிய சின்னம் இருந்தால் பெரிய விலை என்று பலர் நினைக்கிறார்கள். 2010இல் வெளியான ஒரு சந்தையியல் ஆய்வு, லூயி விட்டான், குச்சி (Gucci) போன்ற நிறுவனங்களின் பைகளை ஒப்பிட்டு, ஒரே நிறுவனத்துக்குள்ளேயே சின்னம் எவ்வளவு சத்தமாக இருக்கிறதோ அவ்வளவு விலை குறைவாக இருக்கும் போக்கைக் கண்டது. மேலே போகப் போகச் சின்னம் சின்னதாகி, கடைசியில் உள்ளே மறைந்துவிடும்.

இதைத் தெரிந்துகொண்டவர்கள் உடனே அடுத்த தப்புக்குத் தாவுகிறார்கள்: "உண்மையான பணக்காரி காட்டிக்கொள்ளவே மாட்டாள்." இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். சின்னமே இல்லாத, மண் நிறத்தில் இருக்கும் ஒரு கம்பளி மேலங்கியும் காட்டிக்கொள்வதுதான், அடையாளம் தெரிந்த பத்துப் பேருக்கு மட்டும் காட்டுகிறது. பெரிய எழுத்து போட்ட பை அறையில் இருக்கும் எல்லோரிடமும் பேசுகிறது. யாரிடம் பேச விரும்புகிறார் என்பதுதான் வித்தியாசம், இதில் ஒன்று பண்பு மற்றொன்று பண்பின்மை என்று பிரிப்பதற்கு ஒன்றுமே இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பணம் இருந்த வீட்டில் பிறந்தவருக்கு யாரிடமும் நிரூபிக்க வேண்டிய தேவை கிடையாது. நேற்றுவரை வாசலில் நிறுத்திவைக்கப்பட்ட ஒருத்தி சத்தமாகச் சொல்ல நினைத்தால் அதில் எனக்குக் குறை தெரியவில்லை.

துணியைப் படிப்பது எப்படி

வேலைப்பாட்டைத்தான் பார்க்க வேண்டும் என்றால் எங்கே பார்ப்பது என்று சொல்கிறேன், இது என் வேலை.

கோடு அல்லது கட்டம் போட்ட துணியாக இருந்தால் பக்கத் தையலைப் பாருங்கள். முன்பக்கத்துக் கோடு பின்பக்கத்துக் கோட்டோடு சேருகிறதா? சட்டைப்பை தைத்த இடத்தில் கோடு உடையாமல் ஓடுகிறதா? அப்படிச் சேர்க்க வேண்டுமென்றால் வெட்டும்போதே கூடுதல் துணி போகும், வெட்டுபவருக்குக் கூடுதல் நேரம் போகும். அவசரத்தில் வெட்டிய துணியில் இது இருக்காது.

அடுத்தது காஜா, அதாவது பட்டன் நுழையும் துளை. கையால் எடுத்த காஜாவில் உள்பக்கம் கொஞ்சம் மேடுபள்ளமாக, மனிதக் கை பட்டது தெரியும். மெஷின் காஜா இரண்டு பக்கமும் ஒரே சீராக இருக்கும், மலிவானதில் நடுவில் நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். பட்டனுக்கும் துணிக்கும் நடுவில் நூலைச் சுற்றிச் சின்னக் கழுத்துபோல விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கனமான துணியில் அந்தக் கழுத்து இல்லையென்றால் பட்டன் போட்டவுடன் துணி சுருங்கி இழுக்கும்.

கோட், ஜாக்கெட் என்றால் முன்பக்கம், கீழ் காஜாவுக்குப் பக்கத்தில், மேல் துணியையும் உள்துணியையும் இரண்டு விரலால் பிடித்து மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். நடுவில் மூன்றாவதாக ஒரு அடுக்கு தனியாக நழுவினால் அது தைத்த கேன்வாஸ், கோட்டின் வடிவம் குலையாமல் இருக்க உள்ளே வைக்கும் துணி. மேல் துணியோடு ஒட்டிக்கொண்டு அட்டைபோல இருந்தால் பசை வைத்து ஒட்டியது, சில வருடம் கழித்து அது குமிழ் குமிழாகக் கிளம்பலாம். கடைசியாக உள்தையல். ஓரத்தில் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள்? தாராளமாக விட்டிருந்தால் அந்த உடையைச் செய்தவர், அணிபவரின் உடம்பு மாறும், மாறும்போது பிரித்து விடலாம் என்று நினைத்துச் செய்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஆனால் இவ்வளவும் தைத்தவரைப் பற்றித்தான் சொல்லும். போட்டிருப்பவர் வாங்கினாரா, அம்மாவிடமிருந்து வந்ததா, இரண்டாம் கையில் எடுத்ததா, இரவல் வாங்கியதா என்று எந்தத் தையலும் சொல்லாது.

ஒருநாள் ஒரு பெண் சாம்பல் நிறக் கோட் ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். முழங்கைப் பக்கம் தேய்ந்து பளபளத்துப் போயிருந்தது, ஓரம் வெளுத்திருந்தது. என்னிடம் வேலை பழகிக்கொண்டிருந்த பெண் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, அவருக்குப் பின்னால் வந்த, பளிச்சென்று உடுத்தியிருந்த இன்னொருவருக்கு அளவெடுக்கப் போய்விட்டாள். கோட்டுக்காரர் அரைமணி நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். அப்புறம் நான் அதை வாங்கி லைனிங்கைப் பிரித்தேன். உள்ளே முழுக்கக் கைத்தையல். இடுப்புப் பக்கம் மூன்று வரிசைப் பழைய ஊசித்துளைகள், மூன்று முறை பிரித்து அகலப்படுத்தியிருக்கிறார்கள். கழுத்துக்குக் கீழே உள்பக்கம் சிவப்பு நூலில் இரண்டு எழுத்து. "அம்மாவோட பேரு" என்றார். "லைனிங் மாத்திடுங்க, ஆனா அந்தத் துண்ட மட்டும் திரும்பத் தச்சிடுங்க." அப்படியே தைத்துக் கொடுத்தேன். அவர் எவ்வளவு பெரிய வீட்டுக்காரர் என்பது பிறகு தற்செயலாகத்தான் எனக்குத் தெரிந்தது, அதை நான் வேலை பழகிய பெண்ணிடம் சொல்லவில்லை. சொன்னால் "பணக்காரரைக் காக்க வைத்துவிட்டோமே" என்றுதான் அவள் வருத்தப்பட்டிருப்பாள். முதலில் வந்தவரைக் காக்க வைத்ததற்குத்தான் வருத்தப்பட வேண்டும்.

தேய்மானம் பற்றி இன்னொன்று. எர்மெஸ் என்ற பிரெஞ்சு நிறுவனம் 1980களில் நடிகையும் பாடகியுமான ஜேன் பர்கினுக்காகச் செய்த, அவர் பெயரையே கொண்ட முதல் பை 2025 ஜூலையில் பாரிஸ் ஏலத்துக்கு வந்தது. கீறல், கறை, அவர் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்களின் தடம் எல்லாம் அப்படியே இருந்தன. சுமார் 86 லட்சம் யூரோவுக்குப் போனது, ஏலத்தில் ஒரு கைப்பைக்குக் கிடைத்த அதிக விலை அதுதான். அவர் அதைச் சந்தைக்குக் கொண்டுபோகும் பைபோலத் திணித்து நிரப்பிப் பயன்படுத்தினார். இன்றைக்கு அதே பெயர் கொண்ட பையைப் பலர் உறையோடு அலமாரியில் வைத்திருக்கிறார்கள். பழசாகத் தெரிகிறது என்பதிலிருந்தோ புதுசாகத் தெரிகிறது என்பதிலிருந்தோ எதையும் முடிவு செய்ய முடியாது என்பதற்கு இதுவே போதும்.

வைரமும் பையும் சாட்சி சொல்லாது

ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் பூமியிலிருந்து எடுத்த வைரமும் ஒரே கார்பன், ஒரே படிக அமைப்பு. வெறும் கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது, அதற்கென்று இருக்கும் கருவிகள் வேண்டும். விலையோ பல மடங்கு வித்தியாசம். ஆக, விரலில் மின்னுவதைப் பார்த்து வங்கிக்கணக்கைச் சொல்கிறேன் என்பவர் வெறும் ஊகத்தைத்தான் சொல்கிறார். பைகளும் இப்போது வாடகைக்குக் கிடைக்கின்றன, ஒரு நாளுக்கு, ஒரு வாரத்துக்கு.

நான் தப்பாக எடைபோட்டேன் என்று சொன்னேனே, அது இங்கேதான். ஒரு பெண் பாவாடையின் ஓரத்தைக் கொஞ்சம் மடித்துத் தைக்க வந்தார், அன்றைக்கே வேண்டும் என்றார். கையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பை. அதை என் மேஜையில் வைக்கவில்லை. கைக்குட்டையை விரித்து அதன்மேல் மடியில் வைத்துக்கொண்டார், ஊசி குத்த எழுந்து நின்றபோதும் ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார். "என் மேஜை அவ்வளவு அழுக்கா" என்று எனக்குள் கோபம். முகத்தைக் கொடுத்துப் பேசவில்லை. போகும்போதுதான் கவனித்தேன், பணம் எடுத்தது அந்தப் பையிலிருந்து இல்லை, தோளில் மாட்டியிருந்த சாதாரணத் துணிப்பையிலிருந்து. சாவி, போன், தண்ணீர் பாட்டில் எல்லாம் அதில்தான். கைப்பை காலியாகவே இருந்தது. "சாயங்காலம் திருப்பிக் கொடுக்கணும் அக்கா, கீறல் விழுந்தா என்னால கட்ட முடியாது" என்றார். முதலீடு கேட்டு ஒரு சந்திப்புக்குப் போகிறாராம், போன தடவை சாதாரணமாகப் போனபோது எதிரில் இருந்தவர்கள் இரண்டு நிமிடத்துக்குமேல் காது கொடுக்கவில்லையாம்.

மேலே சொன்ன 129 மில்லிநொடியை எனக்கு விளக்கியது அந்தப் பெண்தான். அவர் காட்டிக்கொண்டது உண்மை. காட்டிக்கொள்ளாவிட்டால் உள்ளே விடாத ஒரு அறைக்குள் போக வேண்டியிருந்தது என்பதும் உண்மை.

ஆணை வைத்துக் கேட்டுப் பாருங்கள்

ஒரு ஆண் விலை உயர்ந்த கைக்கடிகாரம் கட்டியிருந்தால் "நல்லா சம்பாதிக்கிறார்" என்போம். பெண்ணின் கையில் பை இருந்தால் "யார் வாங்கிக் கொடுத்தது?" இந்தக் கேள்விக்கு வயது அதிகம். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் தார்ஸ்டீன் வெப்லன் 1899லேயே எழுதியிருக்கிறார்: மனைவியின் உடை கணவனின் செல்வத்தைக் காட்டும் பலகையாக இருக்கிறது, உயர்ந்த குதிகாலும் இறுக்கிக் கட்டும் இடைக்கச்சும் இவள் வேலை செய்யத் தேவையில்லாதவள் என்று அறிவிக்கின்றன என்று. அவர் காலத்துக்கு அது சரியான கவனிப்பு. தானே சம்பாதித்துத் தானே வாங்கும் பெண்களைப் பார்த்தும் அதே கேள்வியைக் கேட்பதுதான் எனக்குப் புரியவில்லை.

அதற்கும் முன்னால், கி.மு. 215இல், போர் நெருக்கடியில் இருந்த ரோமில் பெண்களுக்கென்று தனிச் சட்டம் போட்டார்கள்: அரை அவுன்ஸுக்குமேல் தங்கம் வைத்திருக்கக் கூடாது, பலவண்ண உடை கூடாது, நகரத்துக்குள் வண்டியில் போகக் கூடாது. போர் முடிந்தபிறகும் அதை எடுக்கவில்லை. கி.மு. 195இல் பெண்கள் தெருவில் இறங்கி வழியை மறித்து நின்றார்கள். அப்போது கான்சல் என்ற உயர் ஆட்சிப் பதவியில் இருந்த கேட்டோ சட்டத்தை எடுக்கக் கூடாது என்று கடுமையாகப் பேசினார், ஆனாலும் சட்டம் போனது.

பிரான்ஸ் ராணி மரி அன்துவானெத் கதை இன்னும் வேதனை. 1783இல் ஓவியர் விஜே லெ ப்ருன் வரைந்த அவருடைய ஓவியம் ஒன்று பாரிஸில் காட்சிக்கு வந்தது. வெள்ளை மஸ்லின் உடை, வைக்கோல் தொப்பி, நகை இல்லை. ராணி உள்ளாடையோடு நிற்கிறாள் என்று கூச்சல், ஓவியத்தை எடுத்துவிட்டுப் பட்டுடையில் இருக்கும் வேறொன்றை வைக்க வேண்டியதாயிற்று. இரண்டே வருடத்தில் ஒரு வைர மாலை மோசடி வெடித்தது. அவர் வாங்காத மாலை, அவர் பெயரைச் சொல்லி வேறு ஆட்கள் செய்த ஏமாற்று. மக்கள் பழியை அவர்மேல்தான் போட்டார்கள். எளிமையாக நின்றால் ராணிக்கு இது அழகா என்பது, நகை என்றால் போடாத நகைக்கும் அவளே பொறுப்பு என்பது.

நம் காலத்திலும் ஒன்று சொல்கிறேன். ஆஸ்திரேலியத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் கார்ல் ஸ்டெஃபனோவிக் ஒரு வருடம் கிட்டத்தட்ட தினமும் ஒரே நீல சூட்டைப் போட்டுக்கொண்டு நிகழ்ச்சி நடத்தினார், 2014இல் அவரே வெளியில் சொல்லும்வரை யாரும் கண்டுகொள்ளவில்லை. கூட வேலை செய்த பெண் தொகுப்பாளருக்கு உடையைப் பற்றி ஓயாமல் விமர்சனம் வந்துகொண்டிருந்ததால்தான் அவர் அதைச் செய்து பார்த்தார்.

அதனால் வழி இதுதான். ஒரு பெண்ணின் உடையைப் பார்த்து மனதில் வந்த வாக்கியத்தில் "அவள்" இருக்கும் இடத்தில் அதே வசதியுள்ள ஒரு ஆணை வையுங்கள். "இவர் போன மாதம் போட்ட அதே கோட்டைத் திரும்பப் போட்டிருக்கிறார்." கேட்கவே அபத்தமாக இருந்தால் அந்த எண்ணத்தை அங்கேயே விட்டுவிடலாம்.

குறை சொல்ல வேண்டிய இடம்

எதையுமே குறை சொல்லக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 1986இல் பிலிப்பைன்ஸ் அதிபர் குடும்பம் நாட்டைவிட்டு ஓடியபோது அதிபரின் மனைவி இமெல்டா மார்கோஸ் மாளிகையில் விட்டுப்போன ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜோடிக் காலணிகளைப் பார்த்து மக்கள் கொதித்தது நியாயம்தான். ஆனால் குற்றம் காலணியில் இல்லை, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதில் இருந்தது. உலகம் காலணி எண்ணிக்கையைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறது என்பது எனக்கு வருத்தம்.

பணத்தின் மூலம், வேலை செய்பவரை நடத்தும் விதம், இந்த இரண்டையும் தாராளமாக எடைபோடுங்கள். என் அனுபவத்தில் இரண்டாவது உடையைவிடச் சீக்கிரம் தெரிந்துவிடும். ஊசி குத்திக்கொண்டே தரையில் மண்டியிட்டிருக்கும்போது மேலே நிற்பவர் போனில் பேசிக்கொண்டு காலை நகர்த்துகிறாரா, கொஞ்சம் நின்று கொடுக்கிறாரா. கூலியைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறாரா, அடுத்த முறை சேர்த்துத் தருகிறேன் என்று மாதக்கணக்கில் இழுக்கிறாரா. எழுத்து போட்ட பைக்காரர்களிலும் இரண்டு வகையும் உண்டு, எழுத்து இல்லாத பைக்காரர்களிலும் உண்டு.

நீங்களே அணிபவராக இருந்தால்

2019இல் வெளியான இன்னொரு ஆய்வு பயன்படும். புதிதாக நண்பர்களைப் பிடிக்க வேண்டும் என்றால் ஆடம்பர அடையாளங்களோடு போவதுதான் நல்லது என்று போகிறவர்கள் நினைக்கிறார்கள். எதிர்ப்பக்கம் இருப்பவர்களோ அப்படி எதுவும் இல்லாதவரோடு பழகத்தான் விரும்புகிறார்கள். பணம் கேட்கப் போகும் இடத்துக்கும் பழகப் போகும் இடத்துக்கும் ஒரே பையை எடுத்துப் போகாதீர்கள், அவ்வளவுதான். கையில் கொஞ்சம் காசு மட்டும் இருந்தால் புதுசு வாங்குவதைவிட இருப்பதை உடம்புக்குச் சரியாகப் பிடித்துத் தையுங்கள். தோள் சரியாக உட்கார்ந்து, கை நீளம் மணிக்கட்டில் நின்றால் சாதாரணத் துணியும் எடுப்பாக இருக்கும்.

பார்ப்பவராக இருந்தால் "எவ்வளவு?", "ஒரிஜினலா?" இந்த இரண்டையும் கேட்காதீர்கள். முதல் கேள்வி அவருடைய கணக்கைக் கேட்கிறது, இரண்டாவது அவரைப் பொய்க்காரராக்குகிறது. "இந்த நிறம் உங்களுக்கு நல்லா இருக்கு" என்றால் போதும், அவருக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் அவரே சொல்வார். பைக்காரப் பெண் இரண்டு வாரம் கழித்துத் திரும்பவும் வந்தார், ஒரு சட்டையின் தோளைக் குறைக்க. கையில் துணிப்பை மட்டும்தான். சந்திப்பு என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை. முதலிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு, மேஜையைத் துடைத்து, "பைய இங்க வைங்கம்மா" என்றேன்.